நாற்பத்தெட்டு வோல்ட்

மின்சாரம் போன பிறகும் தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்த காலம் ஒன்று இருந்தது. மாடம்பாக்கம், சேலையூர், அகரம்தென் என்று தாம்பரத்துக்குக் கிழக்கே விரியும் ஊர்களில் 1990களில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இது நினைவிருக்கும். மின்விசிறி நின்றுபோகும், தெருவிளக்கு அணையும், ஏரிப்பக்கத்துக் கொசுக்கள் வீட்டுக்குள் வந்து சேரும். அப்போதும் ஒலிவாங்கியை எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பழகிய ரீங்காரம் கேட்கும். மின்வாரிய அலுவலகத்தைக் கூப்பிட்டு 'எப்போது வரும்?' என்று கேட்க முடிந்தது அதனால்தான். (மறுமுனையில் எடுக்கிறார்களா என்பது வேறு கதை.) இதில் வியப்புக்குரிய விஷயம் ஒன்று இருப்பதாக அன்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. தொலைபேசி அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

தொலைபேசி அப்படி இருந்ததற்குக் காரணம், அது நம் வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை என்பதே. இணைப்பகத்திலிருந்து வரும் இரட்டைச் செப்புக்கம்பி நம் குரலை மட்டும் சுமந்து வரவில்லை. அந்தக் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே கொண்டுவந்தது. இணைப்பகத்தின் ஓர் அறையில் இரண்டு வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் இருபத்துநான்கு வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். மொத்தம் 48 வோல்ட், நேர்மின்சாரம். ஊருக்கு மின்சாரம் இருக்கும்போது அவை மின்னேற்றம் பெறும். இல்லாதபோது தம் சேமிப்பிலிருந்து கொடுக்கும். பேசுபவருக்கு மாற்றம் தெரியாது. நுட்பமான இன்னொரு ஏற்பாடும் உண்டு: நேர்முனையை நிலத்தோடு இணைத்துவிட்டுக் கம்பியை எதிர்மின்னழுத்தத்தில் வைப்பார்கள். ஈரமண்ணில் புதைந்து கிடக்கும் செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருப்பதற்காக. தொலைபேசித் துறைப் பொறியாளர்கள் எங்கும் 'மைனஸ் நாற்பத்தெட்டு' என்றே சொல்வதன் பின்னணி இது.

இந்த 48 வோல்ட்டின் கதை நம் ஊர்ப்பக்கத்தில் வந்து முடிச்சிட்டுக்கொள்ளும் ஒன்று என்பதால்தான் இக்கட்டுரை. ஆனால் சற்றுப் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் வந்தது 1882இல். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் ஒரே ஆண்டு. அதே 1882இன் செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தம் மின்நிலையத்தைத் தொடங்கினார். எடிசனுடையதும் நேர்மின்சாரமே. ஆனால் நேர்மின்சாரத்தின் அழுத்தத்தை எளிதில் ஏற்றவோ இறக்கவோ அன்று வழியில்லை. குறைந்த அழுத்தத்தில் தூரம் போனால் கம்பியிலேயே சக்தி வெப்பமாகக் கரைந்துவிடும். மின்மாற்றியின் துணையோடு மாறுமின்சாரம் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வென்றுவிட்டது. வெளிச்சமும் ஆலையும் மாறுமின்சாரத்துக்குப் போக, தொலைபேசி மட்டும் தன் பழைய நேர்மின்சாரத்தோடு தனித்து நின்றது. ஆரம்பத்தில் ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் தனி மின்கலம் வைக்க வேண்டியிருந்தது. அது வற்றும், ஆள் வந்து மாற்ற வேண்டும். 1890களில் அமெரிக்காவில் மின்கலங்களை எல்லாம் இணைப்பகத்திலேயே ஒன்றுசேர்த்து வைக்கும் முறை வந்தது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

ஒரு சிறு விலகல். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அதுவும் நேர்மின்சாரத்தில்தான் ஓடியது, 1500 வோல்ட்டில். 1960களில்தான் அந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. பாதை தெற்கே விழுப்புரம் நோக்கி நீண்டபோது நேர்மின்சாரம் கட்டுப்படியாகவில்லை. அருகில் என்றால் நேர்மின்சாரம், தொலைவு என்றால் மாறுமின்சாரம் என்ற பழைய கணக்குத் தாம்பரத்துத் தண்டவாளத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். பேசிக்கொண்டிருக்கும் ஒரு தொலைபேசி எடுத்துக்கொள்வது இருபது முதல் நாற்பது மில்லி ஆம்பியர். தாங்கியில் கிடக்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இத்தனை சிக்கனமான கருவி நம் வீடுகளில் வேறொன்று இருந்ததில்லை. சிக்கனமில்லாமல் போனது இணைப்பகம். 1980களில் பிரான்சின் அல்காடெல் நிறுவனத்தின் இ-10பி போன்ற மின்னணு இணைப்பகங்கள் நம் பெருநகரங்களுக்கு வந்தன. தூசியும் வெப்பமும் அவற்றுக்கு ஆகாது. குளிரூட்டிய அறை வேண்டும். குளிரூட்டிக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். அது தடைபட்டால் ஜெனரேட்டர் வேண்டும். ஐரோப்பியக் குளிரில் பிறந்த இயந்திரத்தைக் குளிரில் வைத்துக் காப்பாற்றும் பொறுப்பு நம் நிலக்கரியின் தலையில் விழுந்தது.

1984இல் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சி-டாட் தொடங்கப்பட்டபோது அதன் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலை, கிராமத்துக்கான 128 முனை இணைப்பகம். அதை வடிவமைத்தவர்களுக்கு இரண்டு உறுதியான தகவல்கள் தெரிந்திருந்தன: கிராமத்தில் குளிரூட்டி இருக்காது, மின்சாரம் வந்துபோகும். எனவே குறைந்த சக்தியில் இயங்கும் சில்லுகளைத் தேர்ந்தார்கள். சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறும்படி பலகைகளை இடைவெளிவிட்டு அடுக்கினார்கள். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் பெட்டி நிறுவப்பட்டது. பிறகு அவை நாடெங்கும் பெருகின. சி-டாட்டைப் பற்றி எழுதுபவர்கள் அரசியலையும் பொதுத் தொலைபேசிக் கூண்டுகளையும் எழுதுவார்கள். அந்தப் பெட்டிக்குக் குளிரூட்டி வேண்டியிருக்கவில்லை என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. கரியமில வாயு என்ற சொல்லே பொதுப்பேச்சுக்கு வராத காலத்தில், வெயிலும் மின்வெட்டும் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது.

அதே பாடத்தை அடுத்த பத்தாண்டில் இன்னும் ஆழமாகப் படித்தவர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலிய பேராசிரியர்கள் சேர்ந்து அமைத்த டெனெட் குழு. 1994இல் நாட்டில் இருந்தவை ஏறத்தாழ 80 லட்சம் இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் 25 லட்சம் பேர். ஓர் இணைப்புக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிக்கொண்டிருந்த செலவைப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவந்தால்தான் சாதாரண மனிதனுக்குத் தொலைபேசி என்பது ஜுன்ஜுன்வாலா திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கணக்கு. செலவில் பெரும்பகுதி மண்ணைத் தோண்டிச் செப்புக்கம்பி புதைப்பதில் போயிற்று. எனவே கடைசிக் கண்ணியைக் கம்பியில்லாமல் செய்தார்கள். வளாகத்து மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் அவர்கள் கொண்டுவந்த அமைப்புக்கு கார்டெக்ட் என்று பெயர்.

கார்டெக்ட்டின் சிறு தளநிலையம் ஒரு கம்பத்தில் மாட்டிவிடக்கூடிய பெட்டி. ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் பேசலாம். அந்தப் பெட்டிக்கென்று தனி மின்னிணைப்புக் கிடையாது. மையக் கருவியிலிருந்து வரும் மூன்று சோடித் தொலைபேசிக் கம்பிகளே பேச்சையும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமந்துவந்தன. நூறாண்டுப் பழைய தொலைபேசி வழக்கத்தைக் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதே இதன் பொருள். கம்பத்தில் இருப்பது சில வாட்டுகளில் ஒப்பேற்றிக்கொண்டாக வேண்டும் என்ற கட்டுப்பாடு வடிவமைப்பின் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இந்த அமைப்பு மடகாஸ்கர், ஃபிஜி என்று கடல்தாண்டிப் போனது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு விவசாயிகளுக்காகப் பாரி நிறுவனம் வைத்த இணைய மையங்களிலும், 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த சோதனை முயற்சியிலும் இதுவே பயன்பட்டது. மேலூரில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். கண்ணில் புரை என்று சந்தேகப்பட்டவர்கள் கிராமத்து மையத்துக்குப் போய்க் கண்ணைப் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, வர வேண்டுமா வேண்டாமா என்று சொன்னார். வேண்டாம் என்றால் பேருந்துப் பயணம் மிச்சம், அன்றைய கூலி மிச்சம், துணைக்கு வரும் மகனின் கூலியும் மிச்சம். சில ஆண்டுகளில் அரவிந்த் இந்த எண்ணத்தைத் தேனிப் பகுதியில் நிலையான பார்வை மையங்களாக வளர்த்தெடுத்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைதூர வைஃபை இணைப்புகளை அமைத்துக்கொடுக்க, நோயாளி தன் ஊருக்கு அருகிலேயே உட்கார்ந்து மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேசினார். அந்த ஆய்வாளர்கள் பின்னர் எழுதியதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. கம்பியில்லா இணைப்பு அவர்களுக்குத் தந்த தொல்லையைவிட, கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் கருவிகளை எரித்துத் தந்த தொல்லை பெரிது. 'தொலைத்தொடர்பு பயணத்தைக் குறைக்கும்' என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு நம்மிடம் இருக்கும் நேர்மையான சான்று, தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் அல்ல, இந்தப் பார்வை மையங்களில்தான் இருக்கிறது என்பேன்.

கார்டெக்ட் நிலைக்கவில்லை. 1995இல் சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்.பி.ஜி.யும் தொடங்கிய செல்பேசி, முதலில் பணக்காரர் கையில் செங்கல்லாக இருந்து, 2003க்குப் பிறகு அனைவர் சட்டைப்பைக்கும் வந்துவிட்டது. நடந்துகொண்டே பேசலாம் என்று ஆன பிறகு சுவரில் மாட்டிய பெட்டி யாருக்கு வேண்டும்? மக்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் செல்பேசி இணைப்புகள் எண்பது கோடியைத் தாண்டின.

ஆனால் அந்தத் தேர்வோடு சேர்ந்து வந்தது கோபுரம். கோபுரத்தடியில் ஓர் அறை, அறைக்குள் கருவி, கருவிக்குக் குளிரூட்டி, வெளியே டீசல் ஜெனரேட்டர். சி-டாட் பொறியாளர்கள் கழற்றி எறிந்த அத்தனையும் வரிசையாகத் திரும்பி வந்தன. இதில் ஒரு வேடிக்கை, அந்த அறைக்குள்ளும் கருவி இயங்கியது அதே மைனஸ் 48 வோல்ட்டில்தான். டீசலை எரித்து மாறுமின்சாரம் செய்து, அதை நேர்மின்சாரமாக்கிக் கருவிக்குக் கொடுத்து, கருவி கக்கும் வெப்பத்தைப் போக்க மறுபடி டீசலை எரித்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் வெளியிட்ட பரிந்துரையில் கணக்கு இருக்கிறது: ஏறத்தாழ 3,10,000 கோபுரங்கள், அவற்றில் எழுபது சதவிகிதம் கிராமப்புறங்களில், தேவையான சக்தியில் அறுபது சதவிகிதம் டீசலிலிருந்து. ஆண்டுக்கு 200 கோடி லிட்டர். லிட்டருக்கு 2.63 கிலோ கரியமில வாயு என்று பெருக்கினால் 53 லட்சம் டன். அந்த டீசலுக்கு அன்று அரசின் மானியம் வேறு இருந்தது. உழவனுக்கும் பேருந்துக்கும் என்று சொல்லித் தரப்பட்ட மானியத்தில் நம் அரட்டையும் ஓடியது என்பதை அதே ஆண்டு கிரீன்பீஸ் அமைப்பும் சுட்டிக்காட்டியது.

2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது: 2015க்குள் கிராமக் கோபுரங்களில் பாதியும், நகரக் கோபுரங்களில் ஐந்தில் ஒரு பங்கும் மின்வாரிய இணைப்போடு புதுப்பிக்கத்தக்க சக்தியையும் சேர்த்து இயங்க வேண்டும், 2020க்குள் முறையே 75, 33 சதவிகிதம். உத்தரவு சொன்ன வேகத்தில் அது நடக்கவில்லை. நடந்தவை வேறு. கருவிகளை வெளிவெப்பத்தைத் தாங்கும்படி செய்து குளிரூட்டிய அறையையே நீக்கினார்கள். ஒரு கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டன. லித்தியம் மின்கலங்கள் வந்தன. கிராமத்து மின்விநியோகமும் தேறியது. இவற்றில் பெரும்பாலானவை டீசல் செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டவை. கரிக்குறைப்பு என்ற பெயர் ஆண்டறிக்கையில் பிறகு சேர்ந்துகொண்டது. குற்றமாகச் சொல்லவில்லை. 1986இலும் காரணம் வானிலை மாற்றம் இல்லை.

அந்த 2012 தமிழ்நாட்டுக்கு இருண்ட ஆண்டு. மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் முடங்கின. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவர்த்திக்குத் திரும்பினார்கள். வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அந்தச் சூழலில்தான் ஐ.ஐ.டி.யின் ஜுன்ஜுன்வாலா, ராமமூர்த்தி ஆகியோரோடு மின்பொறியாளர் கிருஷ்ண வாசுதேவனும் சேர்ந்து தொலைபேசியின் 48 வோல்ட்டை வீட்டுக்கே கொண்டுவர முனைந்தார்கள்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. எல்.இ.டி. விளக்கு, கணினி, செல்பேசி எல்லாம் உள்ளுக்குள் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. தூரிகையற்ற மோட்டார் வைத்த மின்விசிறியும் அப்படியே. பழைய விசிறி எழுபது எழுபத்தைந்து வாட் இழுக்க, இது முப்பதுக்குள் அடங்கும். கூரைமேல் சூரியத்தகடு தருவதும் நேர்மின்சாரம். மின்கலம் சேமிப்பதும் அதுவே. நடுவில் எதற்கு மாறுமின்சாரம்? தகட்டிலிருந்து வருவதை இன்வெர்ட்டரில் மாற்றி, மறுபடி ஒவ்வோர் அடாப்டரிலும் திருப்பி மாற்றினால் சிறு மாற்றிகளில் ஒவ்வொரு முறையும் பத்திலிருந்து இருபது சதவிகிதம் வெப்பமாகப் போகும். நடுவிலுள்ளதை நீக்கி, 48 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி ஒன்றை வீட்டுக்குள் இழுத்துவிட்டால் போதும். ஏன் 48? தொட்டால் ஆளைக் கொல்லாத வரம்புக்குள் இருக்கிறது. தவிர, தொலைபேசித் துறை நூறாண்டாகப் பழகிய அளவு அது. உறுப்புகள் சந்தையில் கிடைக்கும்.

இதன் இன்னொரு வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மின்பற்றாக்குறை நேரத்தில் ஒரு பகுதியை முழுக்க இருட்டாக்குவதற்குப் பதில், துணைமின்நிலையத்தில் அழுத்தத்தைக் குறைப்பார்கள். வீட்டு மீட்டர் அதை உணர்ந்து வழக்கமான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 48 வோல்ட் கம்பியில் நூறு வாட் மட்டும் தரும். இரண்டு விளக்கு, இரண்டு விசிறி, செல்பேசிக்கு மின்னேற்றம். குளிரூட்டி ஓடாது, ஆனால் யாரும் இருட்டில் இல்லை. பற்றாக்குறையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் ஏற்பாடு. முழு மின்சாரமோ முழு இருட்டோ என்ற இரண்டில் ஒன்றைத்தான் நம் மின்வாரியங்கள் அறிந்திருந்தன. நடுவே ஒரு நிலை உண்டு என்று சொன்னது தொலைபேசிக்காரர்கள் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சில முன்னோட்டங்களுக்குப் பிறகு அந்த வடிவம் பரவவில்லை. சூரியத்தகட்டு வடிவம் ராஜஸ்தானத்தில் வேர்பிடித்தது. ஜோத்பூர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் மின்கம்பி எட்டாத ஏறத்தாழ 4,000 வீடுகளில் 125 வாட் தகடும் மின்கலமும் ஒரு விசிறியும் விளக்குகளும் வைத்தார்கள். பாலைவனத்து ஒற்றை வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாடம்பாக்கத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஒரே வேலைக்கு 230 வோல்ட்டைவிட 48 வோல்ட்டில் ஏறக்குறைய ஐந்து மடங்கு மின்னோட்டம் வேண்டும். கம்பியில் போகும் இழப்போ இருபது மடங்குக்கு மேல். விளக்குக்குச் சரி, மிக்ஸிக்கும் கிணற்று மோட்டாருக்கும் சரிவராது. ஒரு வீட்டில் இரண்டு வகைக் கம்பி இழுக்க எந்த மேஸ்திரி ஒப்புவார்? கேம்ப் ரோட்டுக் கடையில் 48 வோல்ட் விசிறி கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் அதே கடையில் இன்று தூரிகையற்ற மோட்டார் விசிறி அடுக்கி வைத்திருக்கிறார்கள். தனக்குள்ளேயே ஒரு சிறு மாற்றியை ஒளித்துக்கொண்டு, பழைய கம்பியிலேயே ஓடுவது. ஐ.ஐ.டி.க்காரர்கள் சொன்னதில் பாதி அந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

பயணக் குறைப்புக்கு வருவோம். தகவல்தொடர்புத் தொழில்நுட்பம் 2020க்குள் உலகக் கரி உமிழ்வைப் பதினைந்து சதவிகிதம் குறைக்க முடியும் என்று 2008இல் 'ஸ்மார்ட் 2020' என்ற அறிக்கை சொன்னது. 2020 வந்தது. உமிழ்வும் குறைந்தது, ஏறத்தாழ ஐந்து சதவிகிதம். குறைத்தது ஒரு கிருமி. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களுக்கு மேடவாக்கம் வழியாக நாள்தோறும் ஊர்ந்துகொண்டிருந்த இளைஞர்கள் மாடம்பாக்கத்து மாடியறைகளிலிருந்து வேலை பார்த்தார்கள். அடுத்த ஆண்டே உலக உமிழ்வு ஏறக்குறைய பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. தொலைபேசி வந்த பிறகு மனிதர்கள் குறைவாகப் பயணம் செய்ததாக எந்த நாட்டின் வரலாறும் சொல்லவில்லை. பேசிப் பழகியவர்களைப் பார்க்கத் தோன்றுகிறது. தொலைவில் வீடு வாங்கத் துணிவு வருகிறது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் நிலக்கரிச் செலவைக் கூட்டவே செய்யும் என்று ஜெவன்ஸ் 1865இல் எழுதியது இங்கும் பாதி பொருந்தும். மேலூர்க் கிழவி மதுரைக்குப் போகாமல் மிச்சப்படுத்திய பயணம் மீதிப் பாதி.

இப்போது செம்பும் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணாடி இழை வந்துவிட்டது. ஒரே அளவு தகவலை அனுப்பச் செப்புக்கம்பியைவிட மிகக் குறைந்த சக்தி போதும். நடுவழியில் பெருக்கிகள் வேண்டாம். மழைநீர் புகுந்து கெடாது. கரிக்கணக்கில் பார்த்தால் இதைவிட நல்ல மாற்றம் இருக்க முடியாது. ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒளி மட்டுமே வரும். அதை வாங்கிக் குரலாக மாற்றும் பெட்டி நம் வீட்டு மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் தண்ணீர் சூழ்ந்தபோது மின்சாரத்தோடு கோபுரங்களும் வீட்டுப் பெட்டிகளும் சேர்ந்தே ஓய்ந்தன. மொட்டைமாடியில் நின்று, கோடு ஒன்று தெரிகிறதா என்று செல்பேசியை வானத்துக்கு உயர்த்திப் பிடித்தவர்கள் நம்மில் பலர்.

அதற்குப் பிறகு கணினிக் கடைகளில் ஒரு சிறிய பெட்டியை அடிக்கடி பார்க்கிறேன். புத்தகம் அளவு, உள்ளே லித்தியம் கலங்கள், பன்னிரண்டு வோல்ட் நேர்மின்சாரம். இணையப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிவிட்டால் மின்வெட்டின்போது மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். நன்றாக விற்கிறதாம். 1880களில் சந்தாதாரர் வீட்டில் இருந்து, பிறகு நூறாண்டுக்கு மேல் இணைப்பகத்து அறையில் இருந்த மின்கலம், மறுபடி வீட்டுக்கு வந்திருக்கிறது. வற்றினால் மாற்றுவதற்கு ஆள் வரமாட்டார். நாம்தான் வாங்கிவர வேண்டும்.